ப்ளவுஸ் சரியில்லை என்று திரும்பி வந்தால்

தையல் கற்று முதல் ஆர்டர் எடுக்கும் பெண்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "அக்கா, யாராவது குறை சொன்னா கை நடுங்குது, என்ன செய்யறது?"

நடுங்கட்டும். முதலில் அந்த ப்ளவுஸைக் குறை சொன்னவரையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். "நல்லா இல்லை" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொளக்கிறது என்று கேளுங்கள். கையைத் தூக்கும்போது ப்ளவுஸே மேலே ஏறினால், அக்குள் வெட்டு அதிகமாக இறங்கியிருக்கிறது. தோள் நழுவினால் பெரும்பாலும் கழுத்து அகலம்தான் காரணம். பின்கழுத்தில் கயிறு வைத்துச் சமாளிக்கலாம். ஒரு துவைப்பிலேயே இறுகிவிட்டதா? லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டியிருப்பீர்கள். இதில் எதற்கும் "எனக்குத் தையல் வராது" என்று அர்த்தமில்லை.

அளவு நோட்டில் அவர் பெயருக்குக் கீழேயே எழுதிவையுங்கள்: "இடது தோள் கொஞ்சம் இறக்கம்". அடுத்த ஆர்டருக்கு இந்த வரிதான் உதவும். ஒரே குறை பலரிடமிருந்து வந்தால் கோளாறு உங்கள் கட்டிங்கில். ஒருவரிடம் மட்டும் என்றால் அவர் உடல்வாகு, அல்லது ரசனை.

அப்புறம், பக்கத் தையலில் உள்ளே 1 அங்குலம் துணி விட்டே தையுங்கள். பிரித்து அகலப்படுத்தலாம் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். பட்டில் மட்டும் கவனம், பிரித்த ஊசித் தடம் மறையாது. அதனால் பட்டை வெட்டும் முன் காடாத் துணியில் தைத்து, அவரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூலியைக் குறைக்கவே குறை சொல்பவர்களும் உண்டு. சிரித்துக்கொண்டே, "ஆல்ட்ரேஷன் இலவசம், கூலி அதேதான்" என்று சொல்லிவிடுங்கள்.