கிராஃப்விஸில் முதல் மர வரைபடம்

முதலில் ஒரு தாளை எடுங்கள். மரத்தில் வரும் ஒவ்வொரு பெயரும் ஒரு கணு. எந்தக் கணு எதன் கீழே வருகிறது என்று தாய், சேய் என இரண்டிரண்டாக எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் கணுதான் வேர், அதற்குத் தாய் கிடையாது. மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தாய்தான். இந்தப் பட்டியல் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. எதை எங்கே வைப்பது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது கிராஃப்விஸ். எழுதிக் கொடுக்கும் பட்டியலைப் படமாக வரைந்து தரும், ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் பிறந்த திறமூல மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவிவிட்டு, ஒரு வெற்றுக் கோப்பில் ‘டைகிராஃப்’ (digraph) என்று ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். அடுத்து நெளிவு அடைப்புக்குறிக்குள் இப்படி:

"கணினி" -> "படங்கள்"
"கணினி" -> "பாடல்கள்"
"படங்கள்" -> "பழையவை"
"பாடல்கள்" -> "பழையவை"

கோப்பை யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளும் அடங்கும் எழுத்துக் குறிமுறை) ஆகச் சேமியுங்கள். பிறகு டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், கிராஃப்விஸின் ‘டாட்’ (dot) கட்டளையை ஓட்டி, எஸ்விஜி படமாகக் கேளுங்கள். எஸ்விஜி என்றால் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து மங்காது.

படத்தைத் திறந்ததும் ஒன்று உறுத்தும். ‘பழையவை’ ஒரே கணுவாக வந்து, இரண்டு பக்கமிருந்தும் அம்புகள் அதில் போய் முட்டும். மரம் கெட்டுவிட்டது! கிராஃப்விஸுக்குப் பெயர்தான் அடையாளம். ஒரே பெயரை இரண்டு முறை எழுதினால் ஒரே கணு என்றே எடுத்துக்கொள்ளும். எல்லோரும் முதலில் சறுக்கும் இடம் இது, அதனால் பொறுமையாகப் பாருங்கள். கடைசி இரண்டு வரிகளையும் மாற்றுங்கள்:

"படங்கள்" -> "பட_பழையவை"
"பாடல்கள்" -> "பாட்டு_பழையவை"

அப்புறம் இந்த இரண்டு கணுக்களுக்கும் தனித்தனி வரி எழுதி, சதுர அடைப்புக்குறிக்குள் ‘லேபிள்’ (label) பண்பாக "பழையவை" என்று கொடுங்கள். உள்ளே அடையாளம் வேறு, வெளியே தெரியும் பெயர் ஒன்று. இப்போது இரண்டு தனிக் கிளைகள் கிடைக்கும்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துருதான் காரணம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, கணுக்களின் ‘ஃபான்ட்நேம்’ (fontname) பண்பில் அதன் பெயரைக் கொடுங்கள். பெயர்கள் நீளமாக இருந்தால் ‘ரேங்க்டிர்’ (rankdir) பண்பை எல்ஆர் (LR) என்று வையுங்கள். மரம் இடமிருந்து வலமாக வளரும். நீளப் பெயர்களுக்கு இதுதான் படிக்க வசதி.

கிளிக் செய்தால் கிளை மடங்கி விரிய வேண்டுமா? அதற்கு இணையப் பக்கங்களில் படம் வரைய உதவும் டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு சரியாக வரும். ஆனால் அதன் மர அமைப்பு கணுக்களின் இடத்தை மட்டுமே கணக்கிட்டுத் தரும். வட்டத்தையும் கோட்டையும் நீங்கள்தான் வரைய வேண்டும். தாளில் எழுதிய அதே பட்டியலை அதன் ‘ஸ்ட்ராட்டிஃபை’ (stratify), அதாவது பட்டியலை மரமாக மாற்றும் பகுதி, ஏற்றுக்கொள்ளும். வேருக்கும் ஒரு வரி சேர்த்து, தாய் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விடுங்கள்.