சமணமலைக்கு ஆட்களை அழைத்துப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி சமணமலையில் ஒரு இளைஞர் இருபது பேருக்குச் சமணச் சிற்பங்களை விளக்கிக்கொண்டிருந்தார். நல்ல குரல், நல்ல ஆர்வம். ஆனால் அவர் சொன்னதில் பாதி, பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் அதே பாறையில் நின்று சொன்ன அதே பிழைகள். அதனால்தான் இதை எழுதுகிறேன். செருப்பைக் கழற்றுங்கள், பாறையில் பெயர் கிறுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை.

சமணமும் பௌத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

இந்த மலையின் செட்டிப்புடவு குகை வாயிலின் இடப்பக்கம் பெரிய உருவம் ஒன்று அமர்ந்திருக்கிறது. புடவு என்றால் குகை. உருவத்தின் தலைக்கு மேல் முக்குடை, அதாவது மூன்றடுக்குக் குடை; கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு. ஆரம்ப காலத்தில் ஒரு பள்ளிக்காகத் துண்டறிக்கை தயாரித்தேன். படம் போட்டு, 'மகாவீரர்: புத்தரைப் போலவே கடவுளும் இல்லை, ஆன்மாவும் இல்லை என்றவர்' என்று எழுதினேன். ஐந்நூறு பிரதி, என் கைக்காசு. யாரிடமும் காட்டிச் சரிபார்க்கவில்லை.

அந்த வாரமே வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ்ச் சமணக் குடும்பம் மலை பார்க்க வந்தது. மாலை ஐந்தரை இருக்கும். பெரியவர் பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று பாறை ஓரமாக உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார். இன்னொரு கையில் என் துண்டறிக்கை. படித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உயிரே இல்லேன்னா, நாங்க எதுக்கு இருட்டினப்புறம் சாப்பிடாம இருக்கோம்?"

என்னிடம் பதில் இல்லை. "தப்பா எழுதிட்டேன்யா" என்று மட்டும் சொன்னேன். சாப்பிட்டு முடித்ததும் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

சமணத்தில் உயிர், அதாவது ஆன்மா, உண்டு. ஒன்றல்ல, எண்ணற்றவை; ஒவ்வொன்றும் தனித்தனி, அழிவில்லாதது. கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கும் உண்டு. விளக்கு வெளிச்சத்தில் வந்து சோற்றில் விழுகிற பூச்சிக்காகத்தான் இரவு உணவு விலக்கு. வினை என்பதும் அவர்களுக்கு வெறும் கணக்கு அல்ல. உயிரின்மேல் தூசிபோல ஒட்டுகிற நுண்பொருள். அது உள்ளே வருவது ஊற்று, ஒட்டிக்கொள்வது கட்டு, வராமல் தடுப்பது செறிப்பு, ஒட்டியதை உதறுவது உதிர்ப்பு, எல்லாம் தீர்ந்த நிலை வீடு. எவ்வளவு அழகான தமிழ்ச் சொற்கள்! தவமும் நோன்பும் அந்த உதிர்ப்புக்காகத்தான்.

பௌத்தம் வேறு வழியில் போகிறது. மாறாத ஆன்மா என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு என்ற ஐந்தின் தொகுதிதான் நாம் 'நான்' என்கிறது. உடலை வாட்டும் கடுந்தவத்தைப் புத்தர் செய்துபார்த்து விட்டுவிட்டு நடுவழியைச் சொன்னார். உலகைப் படைத்த கடவுள் இல்லை, கொல்லாமை வேண்டும் என்பதில் இரண்டும் சேர்ந்து நிற்கும். உயிர் என்ற இடத்தில் முட்டிக்கொள்ளும். தமிழிலேயே நீலகேசி என்று ஒரு சமணக் காப்பியம் பௌத்தர்களோடு வாதம் செய்வதற்காக எழுந்திருக்கிறது. ஒன்றாக இருந்தால் வாதம் எதற்கு?

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம், சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டில் சமணரும் சாக்கியரும் (பௌத்தர்கள்) சேர்ந்தே வருவது. எதிர்த்தவர் இருவரையும் ஒன்றாகச் சொன்னார் என்பதற்காக நாமும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

சிற்பத்தில் பிரித்தறிய, முதலில் உடையைப் பாருங்கள். புத்தருக்கு மேலாடையின் விளிம்பு மார்பிலோ கணுக்காலிலோ கோடாகத் தெரியும். தீர்த்தங்கரர்கள் என்றால் மகாவீரர் உட்பட சமணர்கள் வணங்கும் 24 பேர். நம் பக்கத்துத் தீர்த்தங்கரர்கள் திகம்பரர்கள். ஆடை இருக்காது, முக்குடை இருக்கும். பாம்பை மட்டும் நம்பாதீர்கள். 23ஆம் தீர்த்தங்கரர் பார்சுவநாதருக்கும் படம் விரித்த பாம்பு உண்டு, முசலிந்த நாகம் காக்கும் புத்தருக்கும் உண்டு. காலில் கொடி சுற்றி நிற்பவரைத் தீர்த்தங்கரர் என்றும் சொல்லிவிடாதீர்கள். அவர் பாகுபலி, 24 பேரில் அவர் இல்லை.

ஐந்நூறு பிரதியில் முந்நூறு ஏற்கெனவே பிள்ளைகள் கையில் போயிருந்தது. திருத்தி மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். முதல் தாளை எத்தனை பிள்ளைகள் தூக்கிப் போட்டிருப்பார்கள்? அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

கழுவேற்றக் கதையில் ஆரம்பிப்பது

சம்பந்தரோடு வாதத்தில் தோற்ற சமணர்களை மதுரையில் கழுவேற்றினார்கள் என்கிற கதையில் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் மலையைக் காட்டுங்கள்.

'பஞ்சபாண்டவர் படுக்கை' என்கிற ஊர்க்காரரைத் திருத்துவது

குகையில் வெட்டிய கற்படுக்கைகளுக்கு ஊர் வைத்த பெயர் அது. அதையும் சொல்லுங்கள், துறவிகளின் கற்படுக்கை என்பதையும் சொல்லுங்கள்.

சல்லேகனையைத் தற்கொலை என்பது

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியருக்குக் கல்வெட்டு இருக்கிறது. அதைப் படித்துக் காட்டியதும் யாராவது 'தற்கொலை' என்ற வார்த்தையைச் சொல்வார்கள். தீராத நோய், தாங்க முடியாத மூப்பு, பஞ்சம் என்று இனி அறவழியில் வாழ முடியாத நிலையில், குருவின் ஒப்புதலோடு உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, விருப்பு வெறுப்பு இல்லாமல் இருப்பது சல்லேகனை. சாக வேண்டும் என்ற ஆசையே அதில் குற்றம். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைத் தற்கொலையோடு சேர்த்துத் தடை செய்தது; அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இரண்டையும் சொல்லுங்கள். கேட்பவர் யோசித்துக்கொள்ளட்டும்.

'சமணர்கள் வாழ்ந்தார்கள்' என்பது

வாழ்கிறார்கள். வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் நயினார் என்ற பட்டத்தோடு, நம்மைப்போலத் தமிழ் பேசிக்கொண்டு, வயல் வேலை பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுக்கு மடம் இருக்கிறது. காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் அவர்கள் கோயில் இருக்கிறது. தீபாவளி அவர்களுக்கு மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். அந்தப் பெரியவர் இப்போதும் அன்றைக்குக் காலையில் எனக்குப் போன் பண்ணுவார்.