சுண்ணாம்பாறு பாரடைஸ் பீச்: படகு ஏறுமுன் தெரிய வேண்டியவை

புதுச்சேரி - கடலூர் சாலையில், நகரிலிருந்து சுமார் 8 கி.மீ. தள்ளி நோணாங்குப்பத்தில் இருக்கிறது சுண்ணாம்பாறு படகு இல்லம். கடலூர் பஸ்ஸில் ஏறினால் வாசலுக்கு அருகிலேயே இறங்கிவிடலாம். அங்கிருந்து படகில் கழிமுகம் வழியாக அரை மணி நேரத்துக்குள் பாரடைஸ் பீச் என்ற மணல்திட்டு. முறைப்படி தீவு இல்லை, ஆனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு என்பதால் படகில் போய் இறங்கும்போது தீவாகவே தெரியும்.

ஞாயிறு, பண்டிகை நாட்களில் டிக்கெட் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். வார நாளில் காலை 9 மணிக்கே கவுன்டரில் நில்லுங்கள். டிக்கெட் வாங்கும்போதே திரும்பும் கடைசி படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், அரை மணி முன்னதாகவே வரிசைக்கு வந்துவிட வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டை வாங்கியதும் ஜிப்பை ஏற்றி, எல்லா பெல்ட்டையும் பூட்டுங்கள். பிறகு உடன் வந்தவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் தளர்வு. தண்ணீரில் அது மேலே போகும், நீங்கள் கீழே போவீர்கள். குழந்தைகளுக்குப் பெரியவர் அளவு கொடுத்தால் வாங்காதீர்கள்.

கயாக் ஓட்ட ஆசையா? காலையில் ஆற்றுப் பக்கம்தான் சரி. மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுக்கும், துடுப்பு போட்டும் படகு நகராது.

கடலில் இறங்குவதுதான் ஆபத்தான விஷயம். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல் கலங்கலாகத் தெரியும். அமைதியாக இருக்கிறதே என்று பலரும் அங்கேதான் இறங்குகிறார்கள். கரைக்கு வந்த தண்ணீர் மொத்தமும் திரும்பிக் கடலுக்குப் போகும் வழி அது. இழுப்பில் சிக்கினால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், சீக்கிரம் களைத்துவிடுவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் சாய்வாகக் கரை ஏறுங்கள். நீந்தத் தெம்பில்லை என்றால் மல்லாந்து மிதந்து கையை ஆட்டுங்கள். சரக்கு உள்ளே போயிருந்தால் கணுக்காலுக்கு மேல் தண்ணீரே வேண்டாம். புதுச்சேரியில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, செருப்பு, சில்லறை. பதினோரு மணிக்கு மேல் மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். புயல் எச்சரிக்கை வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.