ஆட்சென்ஸில் வேண்டாத விளம்பரதாரரைத் தடுக்கும் முறை

காட்பாடி சந்திப்பில் இறங்கி மருத்துவமனைக்கு எப்படிப் போவது, காந்தி ரோட்டில் சமைத்துக்கொள்ள வசதியுள்ள அறை எங்கே கிடைக்கும் என, சிகிச்சைக்காக வேலூர் வரும் வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டும் சிறு இணையதளம் ஒன்றை நடத்தி வருகிறேன். சென்ற மாதம் அதில், அறை வாடகைப் பட்டியலுக்கு நேர் கீழே, 'பத்தே நாளில் சர்க்கரை நோய் அடியோடு ஒழியும்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு மருந்துப் பொடிக்கான விளம்பரம் வந்திருந்தது. சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. நோயாளியுடன் வந்த ஒருவர் என் தளத்தை நம்பி அந்தப் பொடியை வாங்கிவிடக் கூடாது என்பதால் அன்றிரவே தடுக்க முனைந்தேன்.

இணையதளங்களில் விளம்பரம் காட்டி, அதன் உரிமையாளருக்கு வருவாய் தரும் கூகுளின் சேவையே ஆட்சென்ஸ். உங்கள் ஆட்சென்ஸ் கணக்கில் 'பிராண்ட் சேஃப்டி', அதனுள் 'கன்டென்ட்', அதனுள் 'பிளாக்கிங் கன்ட்ரோல்ஸ்' என்று சென்று, உங்கள் தளத்தைத் தேர்ந்தெடுத்து, 'அட்வர்டைசர் யுஆர்எல்ஸ்' என்பதைத் திறவுங்கள். வரிக்கு ஒரு முகவரியாக இட்டுத் தடுத்தால் வேலை முடிந்தது.

எந்த முகவரியை இடுவது என்பதில்தான் நான் இரண்டு நாள் இழந்தேன். முகவரியை அறிய விளம்பரத்தைச் சொடுக்கவே கூடாது. சொந்த விளம்பரத்தைச் சொடுக்குவது விதிமீறல், கணக்கே முடங்கலாம். மாறாக, விளம்பரத்தின் மேல் வலப்பொத்தானை அழுத்தி, இணைப்பு முகவரியை நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். ஐந்தாறு வரி நீளத்துக்கு வரும் அந்த முகவரியின் தொடக்கத்தில் இருப்பது, சொடுக்குகளைக் கணக்கிடும் கூகுளின் முகவரி. அதைத்தான் நான் முதலில் தடுத்தேன், பயனில்லை. விளம்பரதாரரின் தளப்பெயர் பெரும்பாலும் கடைசியில், 'ஆட்யுஆர்எல்' (adurl) என்ற சொல்லுக்குப் பின், விழுக்காட்டுக் குறிகளுக்கிடையே சிக்கிக் கிடக்கும். அதிலிருந்து தளப்பெயரை மட்டும் எடுங்கள். முன்னாலுள்ள மூன்று டபிள்யூவும், சாய்கோட்டுக்குப் பின் வருவதும் வேண்டாம். வெறும் தளப்பெயரை இட்டால், அதன் முன் வேறொரு சொல்லும் புள்ளியும் சேர்ந்து வரும் துணைத்தளங்களும் சேர்ந்து அடைபடும். துணைத்தளத்தின் பெயரை இட்டால் அது மட்டுமே அடைபடும். மாற்றம் நடைமுறைக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் பதறி மறுபடி மறுபடி மாற்ற வேண்டாம்.

இத்தகைய விற்பனையாளர்கள் வாரம் ஒரு தளப்பெயரில் வருவதால், முகவரிகளை ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட, அதே பக்கத்திலுள்ள 'சென்சிடிவ் கேட்டகரிஸ்' பகுதியில் 'டிரக்ஸ் அண்டு சப்ளிமென்ட்ஸ்' வகையை முழுதாக அடைப்பதே சிறந்தது என்பது என் கருத்து. விளம்பர இடத்துக்காக விளம்பரதாரர்களிடையே நடக்கும் ஏலத்தில் போட்டியிடுவோர் குறைவதால் வருவாய் சற்றுக் குறையும். நோயாளிகள் படிக்கும் தளத்துக்கு அந்த இழப்பு தகும்.

பின்சேர்க்கை: கைப்பேசி மட்டுமே வைத்திருப்பதால் வலப்பொத்தான் வழி தமக்கு உதவவில்லை என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் 'ஆட் ரிவியூ சென்டர்' பகுதியில், விளம்பரத்தில் கண்ட சொற்களைக் கொண்டு தேடி, கிடைத்த படத்திலிருந்தே அதைத் தடுக்கலாம். அந்த விளம்பரதாரரின் கணக்கு முழுவதையும் அங்கேயே அடைக்கலாம். எல்லா விளம்பரங்களும் அங்கே தென்படுவதில்லை என்பதால், கணினி கிடைக்கும்போது முகவரியையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.