ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் சேஸிஸுக்கும் அடிப்பாகத்துக்கும் எந்தப் பெயிண்ட்?

1960களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் கட்டமைப்பு, அம்பாசடர், ஃபியட் 1100 ஆகியவற்றின் கட்டமைப்பிலிருந்து வேறுபட்டது. அந்த இரண்டிலும் பாடியே முழுச் சுமையையும் தாங்குகிறது. ஹெரால்டுக்கோ தனிச் சேஸிஸ் உண்டு, பாடி அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். ஆகவே பாடியை இறக்கிவிட்டுச் சேஸிஸைத் தலைகீழாகப் புரட்டிக்கூடப் பெயிண்ட் அடிக்கலாம் என்பது இதைப் புதுப்பிப்பவருக்குக் கிடைக்கும் வசதி. தகட்டை மடித்துப் பற்றவைத்த பெட்டிக் குழல்களால் ஆனது என்பதால், வெளியே கண்ணுக்குத் தெரியும் துருவைவிட உள்ளே மறைந்து அரிக்கும் துருவே ஆபத்தானது என்பது இதே சேஸிஸின் தொல்லை. பக்கவாட்டில் நீளும் அவுட்ரிக்கர்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்து, சத்தம் மந்தமாகக் கேட்கும் இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்த பிறகே பெயிண்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது பிராண்ட் அன்று. இரும்பை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய முடியும் என்பதுதான். பிளாஸ்டிங் செய்து, அதாவது மணல் போன்ற துகள்களை வேகமாகப் பீய்ச்சி, வெள்ளையாக்கிய இரும்புக்கு ஒரு பெயிண்ட் பொருந்தும். வயர் பிரஷ்ஷும் எமரித்தாளும் கொண்டு தேய்த்த இரும்புக்கு வேறொன்று பொருந்தும். பிளாஸ்டிங் செய்த சேஸிஸுக்கு ஜிங்க் பாஸ்பேட் கலந்த டூ-பேக் (ஹார்டனர் கலந்து அடிக்கும்) எபாக்ஸி பிரைமர் நம்பகமான தேர்வு. ஜிங்க் ரிச் பிரைமர் அதைவிட வலுவானது என்பது உண்மையே என்றாலும், அதிலுள்ள துத்தநாகம் வெற்று இரும்பை நேரடியாகத் தொட்டால்தான் அது வேலை செய்யும். துருவின் மேலோ பழைய பெயிண்டின் மேலோ அடித்தால் விலைக்கேற்ற பலன் கிடைக்காது. பிளாஸ்டிங்குக்கு வழியில்லை, மூலைகளில் இறுகப் பிடித்த துரு கொஞ்சம் தங்கத்தான் செய்யும் என்றால், கப்பல்களுக்கும் பாலங்களுக்கும் பயன்படும் எபாக்ஸி மாஸ்டிக் என்னும் தடித்த பூச்சை வாங்குவதே புத்திசாலித்தனம். அது கார் பெயிண்ட் கடையில் அநேகமாகக் கிடைக்காது. தொழிற்சாலைப் பெயிண்ட் விற்பவரிடம் கேட்க வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைப் பூசியிருந்தால் அதை முற்றிலும் கழுவிக் காயவைத்தாக வேண்டும். எஞ்சும் அமிலம் எபாக்ஸியை ஒழுங்காக இறுகவிடாது.

நம் ஊர்ப் பட்டறைகளில் பழக்கமான ரெட் ஆக்சைடும் அதன்மேல் சிந்தெட்டிக் எனாமலும் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் போதும், சேஸிஸுக்குப் போதாது. ரெட் ஆக்சைடு ஈரத்தை ஊடுருவவிடும், எனாமலோ பிரேக் ஆயில் பட்ட இடத்தில் இளகி உரிந்துவிடும். பவுடர் கோட்டிங் பார்வைக்கு மிக அழகாக இருக்கும், ஆனால் சேஸிஸுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்மூலைகளில் பவுடர் சரியாகப் படியாது. கல் பட்டுத் தெறித்த இடத்தில் நுழையும் ஈரம் பூச்சுக்கு அடியிலேயே பரவி, ஒரு நாள் பெரிய தோலாக உரிந்து வரும். அப்போது அந்த இடத்தை மட்டும் பிரஷ்ஷால் சரிசெய்யவும் முடியாது. சஸ்பென்ஷன் பூட்டும் முகங்களில் தடிமனாகப் படிந்தால், நாளடைவில் அது நசுங்கி போல்ட்டுகள் தளர்வதும் உண்டு. பிஓஆர்-15 போன்ற, காற்றின் ஈரத்தால் இறுகும் பூச்சுகள் சொரசொரப்பான, துருவேறிய பரப்பை நன்றாகவே பற்றும். வழவழப்பான புதுத் தகட்டில் அவ்வளவாகப் பிடிக்காது, வெயில் படும் இடத்தில் மேல்கோட் இல்லாமல் விடவும் கூடாது.

பழைய பெயிண்டை முழுவதும் எடுக்காமல் மேலே அடிக்க எண்ணுபவர், தின்னரில் நனைத்த துணியால் ஓரிடத்தைத் தேய்த்துப் பார்க்கட்டும். நிறம் துணியில் ஏறினால் அது சிங்கிள்-பேக் பெயிண்ட். அதன்மேல் டூ-பேக் எபாக்ஸி அடித்தால் பழையது சுருங்கிக் கிளம்பிவிடும் என்பதால் சுரண்டி எடுப்பதே வழி.

சுத்தமான சேஸிஸுக்கு நான் சொல்லும் வரிசை இது: எபாக்ஸி பிரைமர் சுமார் 60 மைக்ரான் தடிமன், அதன்மேல் எபாக்ஸி இடைக்கோட் சுமார் 100 மைக்ரான், கடைசியில் டூ-பேக் பாலியூரித்தேன் 50 மைக்ரான் அளவுக்கு. எபாக்ஸி வெயிலில் வெளுத்துப் பொடியும் என்பதாலும், பிரேக் ஆயிலையும் கியர் ஆயிலையும் பாலியூரித்தேன் ஓரளவு தாங்கும் என்பதாலும் இந்த மேல்கோட் தேவைப்படுகிறது. ஹெரால்டின் முன்சக்கர டிரன்னியன்களுக்கு (சக்கரம் திரும்பும் கீழ் மூட்டுகளுக்கு) கிரீஸ் அன்றி கியர் ஆயில் விட வேண்டும், அது வழியத்தான் செய்யும் என்பதை நினைவில் கொள்ளவும். ஸ்பிரே செய்வதற்கு முன் எல்லா விளிம்புகளுக்கும் வெல்டிங் தையல்களுக்கும் ஒரு கோட் பிரஷ்ஷால் கொடுத்துவிட வேண்டும். கூர்மையான விளிம்பிலிருந்து பெயிண்ட் விலகி ஓடும் என்பதால், துரு முதலில் தலைகாட்டுவது அங்கேதான். நிறத்தில் கறுப்பே வழக்கம். கண்காட்சிக்குப் போகாத வண்டி என்றால் சாம்பல் நிறத்தையே நான் தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் விரிசலும் ஆயில் கசிவும் அதில் உடனே தெரியும்.

கடற்கரை ஊர்களில் பெயிண்டைக் கெடுப்பது பெரும்பாலும் அடிக்கும் நேரத்து ஈரம். பிளாஸ்டிங் முடிந்த இரும்பு சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூக்கும். ஆகவே அன்றே, முடிந்தால் நான்கு மணி நேரத்துக்குள், பிரைமர் ஏறிவிட வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழேயும், இரும்பின் வெப்பநிலை பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலேயும் இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலை விதி; ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதைக் கடைப்பிடிப்பது கடினம், மாசிக்குப் பிறகு எளிது. எபாக்ஸியையும் ஹார்டனரையும் டப்பாவில் குறித்த விகிதத்தில் கலந்து, குறித்த நேரம் ஊறவிட்டே அடிக்க வேண்டும். ஈரக்காற்றில் காய்ந்த எபாக்ஸியின் மேல் விரலை ஓட்டினால் சில சமயம் மெழுகு தடவியதுபோலப் பிசுபிசுக்கும். அதை வெதுவெதுப்பான நீரால் கழுவித் துடைக்காமல் அடுத்த கோட் அடித்தால் இரண்டும் ஒட்டாது. பாலியூரித்தேன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கக்கூடியது, துணி முகக்கவசம் அதற்குப் பயன்படாது. வெளியிலிருந்து காற்று செலுத்தும் முகமூடி இல்லையென்றால் ஸ்பிரே வேலையைப் பெயிண்டரிடம் ஒப்படைக்கவும்.

பாடியின் அடித்தகட்டுக்கும் எபாக்ஸிதான். ஆனால் மெல்லிய தகடு பலமான பிளாஸ்டிங்கில் நெளிந்துவிடும் என்பதால் அங்கே வயர் பிரஷ்ஷும் மாஸ்டிக்குமே நல்லது. அது காய்ந்த பிறகு தகடுகள் சேரும் இணைப்புகளில் சீலர் இட்டு, சக்கர வளைவுகளில் மட்டும் கல் தெறிப்பைத் தாங்கும் கோட்டிங் கொடுத்தால் போதும். அடிப்பாகம் முழுவதும் தார் பூசும் பழைய வழக்கத்தைத் தவிர்க்கவும். அது காய்ந்து வெடித்த பிறகு தண்ணீர் விரிசல் வழியே உள்ளே போய்த் தங்கும், மேலே கறுப்பு பளபளத்துக்கொண்டிருக்க அடியில் தகடு கரையும்.

பெட்டிக் குழல்களின் உட்புறத்தைப் பிரைமர் துப்பாக்கியால் எட்ட முடியாது. அங்கே உட்குழிகளில் பீய்ச்சும் மெழுகான கேவிட்டி வாக்ஸ்தான் ஏற்றது. நீண்ட குழாயின் நுனியில் நாலாபக்கமும் பீய்ச்சும் நாசில் பொருத்தி, குழாயை உள்ளே கடைசிவரை செலுத்தி, மெல்ல வெளியே இழுத்தபடி அடிக்க வேண்டும். வெல்டிங், பெயிண்டிங் எல்லாம் முடிந்த பிறகே இந்த வேலை. வாக்ஸ் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது, வெல்டிங் செய்தால் தீப்பிடிக்கும். அடித்த மறுநாள் சேஸிஸின் அடியிலுள்ள வடிகால் துளைகள் ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டு, வாக்ஸ் அடைத்திருந்தால் நீக்கிவிட வேண்டும்.