அமீன் ஏற்றிய சிலிக்கா: கரியமில வாயுவைப் பிடிக்கும் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுண்துளைச் சிலிக்காவுக்குள் அமீனை (கரியமில வாயுவுடன் வினைபுரியும் நைட்ரஜன் சேர்மம்) ஏற்றிக் கரியமில வாயுவைப் பிடிக்கும் முறை, 2002இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுன்ஷான் சாங் குழுவினர் எம்.சி.எம்-41 என்ற வகைச் சிலிக்காவில் பாலிஎதிலீன்இமீன் என்ற அமீன் பாலிமரை நிரப்பி, அதற்கு 'மூலக்கூறுக் கூடை' என்று பெயரிட்டபின் பரவலாகக் கவனம் பெற்றது. இத்துறையில் புதிதாக இறங்கும் மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, 'ஒரு கிராம் பொருள் இத்தனை மில்லிகிராம் வாயுவைப் பிடிக்கும்' என்ற ஒற்றை எண்ணை உயர்த்திக் காட்டும் ஆவலிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து.

அமீனை எவ்வளவு ஏற்றலாம் என்பதைச் சிலிக்காவின் துளைக் கொள்ளளவுதான் முடிவு செய்கிறது. எஸ்.பி.ஏ-15 வகைச் சிலிக்காவின் ஒரு கிராமில் ஏறத்தாழ 1 கன செ.மீ. துளைவெளி இருக்கும், பாலிஎதிலீன்இமீனின் அடர்த்தியும் 1-க்குச் சற்றே மேல் என்பதால், மொத்த எடையில் பாதியளவு அமீன் சேர்ந்ததும் துளைகள் நிறைந்துவிடுகின்றன. அதற்கு மேல் சேர்ப்பது துகள்களின் வெளிப்புறத்தில் பசையாகப் படிந்து, தூளைக் கட்டியாக்கி, வாயு உள்ளே நுழையும் வழியையே அடைத்துவிடும். நிரப்பப் பயன்படுத்திய மெத்தனாலை முழுமையாக நீக்காமல் எடை பார்ப்பதும் அமீன் அளவைத் தவறாகக் காட்டும்.

கிடைத்த முடிவை நம்புவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பாலிஎதிலீன்இமீனில் 43 கிராமுக்கு ஒரு மோல் நைட்ரஜன் என்பதால், 50 விழுக்காடு ஏற்றிய ஒரு கிராம் பொருளில் சுமார் 11.6 மில்லிமோல் நைட்ரஜன் இருக்கும். கிளைத்த பாலிமரில் ஏறக்குறைய கால் பங்கு மூவிணைய அமீன் (நைட்ரஜனில் மூன்று கார்பன்கள் இணைந்தது). அது உலர்ந்த வாயுவில் கார்பமேட்டை, அதாவது அமீன் வாயுவைப் பிடிக்கும்போது உருவாகும் சேர்மத்தை, தராது. எஞ்சியவற்றில் இரண்டு அமீன்களுக்கு ஒரு மூலக்கூறு வாயு என்று கொண்டால், உச்சவரம்பு சுமார் 4.4 மில்லிமோல், அதாவது 190 மி.கி. அளவில் நிற்கும். உலர்ந்த நிலையில் இதைத் தாண்டிய எண் வந்தால் மகிழ்வதற்கு முன் சோதனையைச் சந்தேகிக்க வேண்டும். ஈரமான வாயுவில் பைகார்பனேட் உருவாவதால் உண்மையிலேயே கூடுதலாகப் பிடிக்க வாய்ப்புண்டு. ஆனால் வெப்ப எடையறி கருவி நீரின் எடையையும் வாயுவின் எடையையும் பிரித்தறியாது. ஆகவே ஈரச் சோதனையில், வெளியேறும் வாயுவை அகச்சிவப்பு அளவி அல்லது நிறை நிறமாலைமானி கொண்டு தனியே அளப்பது கட்டாயம்.

அளவீடு தொடங்கும் முன் பொருளை நைட்ரஜனில் 100 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, எடை நிலைப்படும் வரை காத்திருக்காவிட்டால், காற்றிலிருந்து ஏற்கெனவே பிடித்த நீரும் வாயுவும் உள்ளேயே தங்கி, கொள்திறனைக் குறைத்துக் காட்டும். தூய கரியமில வாயுவில் பெற்ற எண்ணை, 12 முதல் 15 விழுக்காடு மட்டுமே கொண்ட அனல்மின் நிலையப் புகைக்கோ, 0.04 விழுக்காடு கொண்ட காற்றுக்கோ அப்படியே பொருத்துவதும் தவறு. மற்றொரு குழப்பம் வெப்பநிலை பற்றியது. பாலிஎதிலீன்இமீன் நிரப்பிய பொருள் 75 டிகிரியை ஒட்டி அதிகமாகப் பிடிப்பதைக் கண்டு, இது வெப்பம் கொள்ளும் வினை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். வினை வெப்பம் உமிழ்வதுதான். குறைந்த வெப்பநிலையில் பிசுபிசுப்பான பாலிமருக்குள் வாயு ஊடுருவ நெடுநேரம் ஆவதால், சோதனை சமநிலையை எட்டும் முன்பே நிறுத்தப்படுகிறது என்பதே உண்மைக் காரணம்.

மிகப் பெரிய தவறு மீளுருவாக்கத்தில் நிகழ்கிறது. ஆய்வகத்தில் நைட்ரஜனைச் செலுத்திச் சூடாக்கினால் பொருள் எளிதில் புதுப்பிக்கப்படும். ஆனால் பிரித்த வாயு மீண்டும் நைட்ரஜனுடன் கலந்துவிடுவதால், பிரித்ததன் பயன் அங்கேயே அழிந்துவிடுகிறது. தூய வாயு வேண்டுமானால் கரியமில வாயுவிலோ நீராவியிலோதான் சூடாக்க வேண்டும். உலர்ந்த கரியமில வாயுவில் உயர் வெப்பநிலையில் சூடாக்கினால், ஓரிணைய அமீன்கள் யூரியாவாக மாறி நிலையாகச் செயலிழக்கின்றன. ஈரம் இருந்தால் இது பெரிதும் தடுக்கப்படும் என்பதை ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் சயாரி குழு 2010இல் காட்டியது. அதற்காக நீராவியைக் கண்மூடித்தனமாகச் செலுத்தவும் முடியாது. மெல்லிய சுவர் கொண்ட எம்.சி.எம்-41 அதில் சிதையும். சூடான பொருளைக் காற்றில் திறப்பதும் கூடாது, ஆக்சிஜன் அமீனைச் சிதைக்கும் என்பதால் முதலில் ஆறவிட வேண்டும். டெட்ராஎதிலீன்பென்டமீன் போன்ற சிறு அமீன் மூலக்கூறுகள் ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது சிறிதாக ஆவியாகிப் போகும்.

ஆகவே சுழற்சிகளுக்குப் பின் கொள்திறன் குறைந்தால் நைட்ரஜன் அளவையும் அளந்து பார்க்க வேண்டும். அது குறைந்திருந்தால் அமீன் வெளியேறியிருக்கக்கூடும். குறையாமல் இருந்தால், அமீன் உள்ளேயே உருமாறியிருக்கக்கூடும். அகச்சிவப்பு நிறமாலையில் 1660 செ.மீ⁻¹-ஐ ஒட்டித் தோன்றும் பட்டை யூரியாவைக் குறிக்கலாம். ஆக்சிஜனேற்ற விளைபொருள்களும் அதே பகுதியில் பட்டை தருவதால், ஆக்சிஜன் இல்லாத சுழற்சியையும் தனியே நடத்தி ஒப்பிட்ட பிறகே காரணத்தை எழுத வேண்டும்.