இபெஜி சிலை உண்மையிலேயே பழையதா? பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழி

தென்மேற்கு நைஜீரியாவின் யோருபா மக்களிடம் இரட்டைப் பிள்ளைகள் பிறப்பது உலகிலேயே மிக அதிகம். அந்தக் காலத்தில் இரட்டையரில் ஒன்று இறந்துவிட்டால் பெற்றோர் பாபலாவோ எனப்படும் குறி சொல்பவரிடம் கேட்டு, சிற்பியிடம் சொல்லி அந்தப் பிள்ளைக்காக ஒரு மரச்சிலை செய்து வாங்குவார்கள். அதுதான் எரே இபெஜி. தாய் அதைக் குளிப்பாட்டுவாள், உணவு ஊட்டுவாள், காம்வுட் மரத்தின் சிவப்புத் தூளைப் பூசுவாள், துணி உடுத்துவாள். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் சிலை பிடிபடும், ஏனென்றால் உண்மையான பழைய சிலையில் தேய்ந்திருப்பதெல்லாம் அவள் கை பட்ட இடங்கள்.

அதனால் முதலில் முகத்தைப் பாருங்கள். வருடக்கணக்கில் ஊட்டியும் கழுவியும் மூக்கும் உதடும் மழுங்கி, சில சிலைகளில் கண் இருந்த இடமே வழுவழுவென்று ஆகியிருக்கும். அப்புறம் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், அங்கே உளிக்கோடுகள் இன்னும் கூர்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். முன்னும் பின்னும், அக்குளும் கால் இடுக்கும்கூட ஒரே அளவில் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள், அது பெரும்பாலும் உப்புத்தாள் வேலை.

அடுத்தது நிறம். சிவப்புத் தூள் மேட்டில் அழிந்து, பள்ளங்களில் கெட்டியாக அப்பியிருக்க வேண்டும். கூந்தலில் நீலம் இருக்கும்: முன்பு அவுரி, பிற்காலத்தில் துணிக்குப் போடும் சலவை நீலம். எனவே சலவை நீலத்தைப் பார்த்ததும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். உடம்பு முழுக்க ஒரே பழுப்பாக, மூக்கருகே கொண்டுபோனால் ஷூ பாலிஷ் வாசனை அடித்தால் கீழே வைத்துவிடலாம்.

உருவ அமைப்பும் உதவும். பெரும்பாலானவை 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரம், ஒரே கட்டையில் செதுக்கியவை. தலை மொத்த உயரத்தில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ இருக்கும், கைகள் இடுப்பையோ தொடையையோ தொடும். இறந்தது கைக்குழந்தையானாலும் சிலை வளர்ந்த ஆளின் உடம்போடுதான் இருக்கும், அது சிற்பியின் பிழை அல்ல. கன்னக் கீறல்களும் கொண்டை வடிவமும் ஊருக்கு ஊர் மாறும். அபெயோகுட்டா, ஓயோ சிலைகளின் அருங்காட்சியகப் படங்களை இணையத்தில் நிறையப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

சரி, வாங்குவதற்கு முன் காகிதம் கேளுங்கள். நைஜீரியாவில் 1979 சட்டப்படி தொல்பொருளை அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. பழையது என்று சொல்லி விற்பவரிடம் அது எப்போது, யார் வழியாக வந்தது என்பதற்குப் பதில் இல்லையென்றால், சிலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். புதிதாகச் செதுக்கியது என்று சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றால் தாராளமாக வாங்கலாம், அதுவும் ஒரு கைவினைஞரின் உழைப்பு.

வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீரோ எண்ணெயோ காட்டவே கூடாது. அந்தத் தாய் பூசிய சிவப்பு ஒருமுறை போனால் போனதுதான். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். சின்ன ஓட்டைகளிலிருந்து வெளிர் நிறத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே விடுங்கள், இல்லையென்றால் மரத்தின் மேல் நீர் வியர்த்துவிடும். பூச்சு உதிர்கிற சிலையை மட்டும் இப்படிச் செய்யாமல் அருங்காட்சியகப் பொருட்களைப் பராமரிக்கும் நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள்.